ஒன்பதாம் நம்பருக்கு இன்னும் இரண்டு வருஷம்

ஜூலை 30, புதன்

புழுக்கம். மேகம் மூட்டமாக நிற்கிறதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. பத்தரைக்குச் சர்வர் படுத்தது, பன்னிரண்டேகாலுக்கு எழுந்தது. இ-சேவை மையத்தில் வரிசை படி வரைக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன். எல்லோரும் என்னையே முறைத்தார்கள், சர்வரை நான்தான் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கிற மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் லோகு வந்தான். சென்னையிலிருந்து நேராக, முதுகில் பை. எங்கள் மையத்து வாசல் அவன் உயரத்துக்கு எப்போதும் குட்டை, குனிந்துதான் நுழைவான். இன்று குனியும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். வலது காலை மடக்காமல் நீட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

இரண்டு காகிதம் கொடுத்தான். ஸ்கேன் செய்து அவன் கம்பெனியின் தளத்தில் ஏற்ற வேண்டும்.

"வேதாக்கா, நீயே பண்ணிக் குடு. வெளிய கடைல குடுத்தா படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவானுங்க."

நானும் படித்தேன். பதினொரு வருஷமாக அடுத்தவர் காகிதத்தைப் படிக்கிற வேலை. கண் சும்மா இருக்காது.

காகிதம் 1. முட்டி எம்.ஆர்.ஐ. வலது முட்டியில் ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது.

காகிதம் 2. ஒப்பந்த நீட்டிப்பு. கம்பெனியின் பேஸ்கட்பால் அணியில் இன்னும் இரண்டு வருஷம். செப்டம்பரில் ஆபரேஷன், கம்பெனி காப்பீட்டில். பிறகு ஆறு மாதம் ஓய்வு. ஏழாவது பிரிவு: எழுத்தில் அனுமதி வாங்காமல் வெளியே எந்த ஆட்டத்திலும் இறங்கக் கூடாது, காட்சி ஆட்டமானாலும் சரி. இறங்கினால் ஒப்பந்தம் ரத்து.

"ஆபரேஷன் பண்ணா பழைய மாதிரி ஆடலாமா?" என்று கேட்டேன்.

"நடக்கலாம்னாரு டாக்டரு. கொஞ்சம் ஓடலாம். எகிற்றது கஷ்டம்னு சொல்லிட்டாரு." சிரித்துக்கொண்டே சொன்னான். "மேனேஜரு நல்ல மனுசன்க்கா. மொதல்ல முட்டிய சரி பண்ணு, அப்பால பாக்கலாம்னு ரெண்டு வருசம் போட்டுக் குடுத்துட்டாரு. இல்லன்னா இவ்ளோ பெரிய ஆபரேசனுக்கு நான் எங்க போவேன்?"

ஊரில் என்ன சொல்லப் போகிறாய் என்றேன்.

"நீட்டிச்சிட்டாங்கன்னு சொல்றேன். பொய்யி இல்லியே. முட்டி விசயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். சலீம் பாய்க்குத் தெரிஞ்சா மனுசன் சோறு துன்ன மாட்டாரு."

சரி என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு வயது இருபத்தேழுதான்.

வாங்க: புளி, துணி சோப்பு, இவருக்கு முதுகுத் தைலம். (தைலம் மறந்துவிட்டேன். திட்டு.)


ஆகஸ்ட் 1, வெள்ளி

வெயில். ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சலீம் பாய் ஜும்மா முடித்து வந்ததும் பஸ் ஸ்டாண்டு எதிரே தன் செருப்புக்கடை வாசலில் ஆயிரம் வாலா கொளுத்தினார். அவர்தான் எங்கள் கூடைப்பந்துக் குழுவின் செயலாளர், மைக் பிடிப்பவர், லோகுவின் முதல் ரசிகர். நான் ஸ்கோர் எழுதுபவள். காலேஜில் படிக்கும்போது டேபிள் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் போய் அது ஒன்று மட்டும் கையில் மிச்சம்.

மே மாதத்தில் ஒரு ஆட்டத்தில் லோகுவைப் பாதியில் வெளியே உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து இவர்களுக்கு நிம்மதி இல்லை. கம்பெனி கழற்றி விட்டுவிடும் என்று மூன்று மாதமாக ஒரே பேச்சு. பாய் தர்காவில் வேண்டிக்கொண்டார். பேனர்க்கடை தினா அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டான். வேன் பிடித்துச் சென்னைக்குப் போய், எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு, ஒரு மனுஷன் பந்து போடுவதைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் இது. இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது சந்தோஷப்பட, அதையும் சொல்ல வேண்டும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் விழுந்தவை:

"ரெண்டு வருசந்தானா? அஞ்சு குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவானுங்க?"

"அடுத்தது இந்தியா டீமு. எழுதி வெச்சிக்கோ நைனா."

"இந்தியா டீமுக்கு அவன் ஹைட்டு பத்தாது." "உனுக்கு இன்னா தெரியும், நீ கபடி பாக்கறவன்."

"இப்பவே பொண்ணு பாத்துடுங்கடா. இந்தச் சூட்டோட சூடா."

பாய் என்னைப் பார்த்ததும் ஒரு மைசூர்பாகு நீட்டினார். "வேதாம்மா, நம்ம புள்ளைய விட்டுக் குடுக்கலம்மா அவனுங்க!" கண்ணில் தண்ணீர். மைசூர்பாகைக் கைக்குட்டையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

சா. 5 மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பதினான்கு பேர். வடை பத்துதான்.

முடிவு: ஆக. 15 சா. 4 மணிக்கு லோகுவுக்குப் பாராட்டு விழா, கூடவே செங்கல்பட்டு டீமோடு காட்சி ஆட்டம். பேனர் தினா செலவு. இருபதடி.

பேனரில் என்ன போடுவது என்று முக்கால் மணி நேரம். தினா எழுதிக்கொண்டு வந்தது: "ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட எங்கள் சிங்கமே!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கத்துக்கு யார் ஒப்பந்தம் நீட்டிப்பார்கள், சர்க்கஸா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படியே போடுவதாக ஏகமனதாகத் தீர்மானம்.

லோகு மேடையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டால் போதும், ஆட வேண்டாம், பயணக் களைப்பு இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஊசிப்போன சோற்றை இலையில் வைத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

பாய்: "ரெண்டே நிமிசம்மா. சனங்க கண்ணு குளிர ரெண்டு நிமிசம்."

தினா: "ஆடாம எதுக்குக்கா வரான்? போட்டோவையே மேடைல வெச்சிடலாமே."

அதற்கு மேல் என்ன சொன்னாலும் ஏன், எதற்கு என்று தோண்டுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதில் நான் கெட்டிக்காரி, இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷப் பயிற்சி.


ஆகஸ்ட் 6, புதன்

காற்றே இல்லை. மதியம் லோகுவுக்கு போன். வராதே, காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றேன்.

"வரலன்னா மனசு ஒடஞ்சிடுவாங்கக்கா. நீ ஒண்ணியும் பயப்படாத. வேட்டி கட்டிக்கினு வரேன். மேடைல குந்திக்கினு, மாலைய வாங்கிக்கினு, அடுத்த பஸ்ஸுல பூடறேன். வேட்டில எவனாச்சும் பேஸ்கட்பால் ஆடுவானா?"

கெட்டிக்காரன்தான். கொஞ்சம் ஆறுதல். அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை அந்த ஆறுதல்.

இவருக்கு அறுவடை மிஷின் இன்னும் வரவில்லை. சொர்ணவாரிப் பட்டத்து நெல் பழுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. மிஷின்காரன் போனை எடுப்பதில்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேனர் ஏறிவிட்டது, பஸ் ஸ்டாண்டு முகப்பில். லோகுவின் முகத்தைத் தினா வெளுக்க வைத்திருக்கிறான், அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. பக்கத்தில் நிஜச் சிங்கம் ஒன்று. கீழே வரிசையாகக் குழுக்காரர்கள் முகம். கடைசியில் நானும், ரேஷன் கார்டு போட்டோவில்.

சா. நல்ல மழை. நெல் படுத்துவிட்டது. இவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "உங்க லோகுக்கு ரெண்டு வருசம் நீட்டிச்சானுங்களே, இந்த மழைய ரெண்டு நாளு தள்ளி வெக்கச் சொல்லு பாக்கலாம், எவங்கிட்டயாச்சும்."

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.


ஆகஸ்ட் 14, வியாழன்

மிஷின் வந்தது. சேற்றில் பாதி, வண்டியில் பாதி. வந்த நெல்லும் ஈரம், கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்.

நாளைக்கு: சிவப்புப் பேனா, நீலப் பேனா. ஸ்கோர் ஷீட் 3. ஹாரனுக்கு பேட்டரி. வெள்ளைச் சட்டை இஸ்திரி.

லோகுவிடமிருந்து மெசேஜ்: வேட்டி வாங்கியாச்சு. ஒரு சிரிப்புப் பொம்மை.


ஆகஸ்ட் 15, வெள்ளி

எழுத வரவில்லை.


ஆகஸ்ட் 16, சனி

நேற்றையதை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மனதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

காலையில் கொடி. பத்து மணிக்கு அம்மன் கோயிலில் தினாவின் கூழ். ஆடி கடைசி வெள்ளி வேறு, நல்ல கூட்டம். நான்கு மணிக்கு மைதானத்தில் நிற்க இடமில்லை. பள்ளிக்கூட மதில் மேலும் ஆட்கள். லோகு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடை ஏறும்போது பாயின் தோளைப் பிடித்துக்கொண்டான். மரியாதைக்குப் பிடிக்கிறான் என்று நினைத்துப் பாய் அவனைக் கட்டிக்கொண்டார். ஒரே கைத்தட்டல்.

மூன்று நாற்பதுக்கு நான் ஷீட் எழுதினேன். இதைத்தான் சொல்ல வந்தேன். லோகு சென்னைக்குப் போன ஏழு வருஷமாக எங்கள் டீமில் ஒன்பதாம் நம்பர் பனியனை யாரும் போடுவதில்லை. அது மட்டுமல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டியலில் "9, லோகநாதன்" என்று எழுதிவிடுவோம், ஆள் ஊரிலேயே இல்லாவிட்டாலும். ஆட்டம் முடிந்ததும் இறங்காதவர் வரிசையில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். பாய் ஆரம்பித்து வைத்த வழக்கம். அவன் நம்மோடுதான் இருக்கிறான் என்று ஒரு எண்ணம். விதியில் இதற்குத் தடை இல்லை. பன்னிரண்டு பெயர் போடலாம், எங்களிடம் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை.

நேற்றும் எழுதினேன். 7, 8, 9, 10. நடுவரோடு ஹாரனைப் பற்றிப் பேசிக்கொண்டே எழுதினேன். கை தானாகப் போனது. ஏழாம் பிரிவை என் கையாலேயே ஸ்கேன் செய்தவள் நான். ஆடக் கூடாது, ஆடக் கூடாது என்று பதினைந்து நாளாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

கடைசிக் கால் பகுதியில் மூன்று நிமிஷம் பாக்கி. நாலு பாயிண்ட் பின்னால் இருந்தோம். மதிலில் ஆரம்பித்தது.

"ஒம்போது! ஒம்போது!"

மைதானம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. தினா பையிலிருந்து பனியனும் டிரவுசரும் எடுத்தான். தயாராகக் கொண்டுவந்திருக்கிறான். லோகு சிரித்துக்கொண்டே கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். பாய் மைக்கில், "நம்ம சிங்கம் எறங்குது! கம்பெனிக்காரனுக்கு மட்டுந்தானா, ஊருக்கு இல்லியா?" என்றார். அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து அவனை மேடையிலிருந்து இறக்கினார்கள்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் பட்டியலில் பெயர் இல்லாதவர் நடுவில் இறங்க முடியாது. நடுவர் கண்டிப்பான ஆள். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இவரு பேரு லிஸ்ட்ல இருக்குதா? இல்லன்னா எறக்க முடியாது."

அவருக்குப் பின்னால் லோகு நின்றான். என்னையே பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று அவன் நம்பியது முகத்தில் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். 9, லோகநாதன். குண்டு குண்டாக, என் எழுத்து.

"இருக்குது சார்."

இத்தனை வருஷத்தில் ஷீட்டில் இருப்பதை இல்லை என்றோ இல்லாததை இருக்கிறது என்றோ நான் சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் பேசியது. கையால் ஷீட்டை மூடிக்கொண்டு இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த மனுஷன் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்.

லோகு வகுப்பறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தான். இறங்கினான். இறங்கியதற்கு அடையாளமாகப் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். பந்து அவன் கைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. விழுந்தது. நடுவர் இரண்டு விரல் காட்டினார். அந்தச் சத்தம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். அதன்பிறகு அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டே சிரித்தான். இரண்டு பாயிண்டில் தோற்றோம். யாருக்கும் அது உறைக்கவே இல்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். தூக்கியதும் நல்லதுதான், அவனால் நடந்திருக்க முடியாது.

தினா எப்போதும் போல ஷீட்டைப் போட்டோ எடுத்தான். நிழல் விழுகிறது என்றான். நானே வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

மப்பு. லோகு காலையில் கார் வைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். முட்டி பந்து மாதிரி வீங்கி இருந்ததாம். வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

தினா வீடியோ போட்டுவிட்டான், மேளச் சத்தம் சேர்த்து. கடைசியில் ஷீட்டின் படம், ஒன்பதாம் நம்பரைச் சிவப்பு வட்டம் போட்டு. அதற்குக் கீழே: "எங்கள் சிங்கத்தை நீட்டித்த நிறுவனத்துக்கு நன்றி!" நன்றி வெறும் வாயால் இல்லை, கம்பெனியின் பக்கத்தையே அதில் இணைத்துவிட்டிருக்கிறான். அவர்கள் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்று.

உடனே போன். எடுத்துவிடு என்றேன்.

"ஏங்க்கா? சூப்பரா ஓடிக்கினு கீது. உன் கையெழுத்தக்கூட எல்லாரும் முத்து முத்தா கீதுன்றாங்க."

காரணம் சொல்ல முடியவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். அக்காவுக்கு வெட்கம் என்று நினைத்து ஷீட் படத்தை மட்டும் எடுத்தான். வீடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இட்லி மாவு புளித்துவிட்டது. கீழே கொட்டினேன்.


ஆகஸ்ட் 20, புதன்

வந்துவிட்டது. லோகு அனுப்பினான், கம்பெனி நோட்டீஸ். ஏழாம் பிரிவை மீறியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இணைப்பு: வீடியோ, ஸ்கோர் ஷீட்டின் நகல். தினா நீக்குவதற்குள்ளேயே அவர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள். கீழே என் கையெழுத்து தெளிவாக.

போனில் லோகு: "யக்கா, ஒரு லெட்டர் எழுதிக் குடேன். நான் எறங்கல, பேரு தப்பா விழுந்துடுச்சின்னு."

"வீடியோல உன் மூஞ்சி கீதேடா."

"கீதுதான். இன்னா பண்றது, எதாச்சும் அனுப்பணுமில்ல."

அவன் குரலில் கோபம் கொஞ்சமாவது இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதிவிட்டேன். மூன்று தடவை கிழித்து நான்காவது. "என் கவனக்குறைவால் 9ஆம் எண் வீரர் இறங்கியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டது." கையெழுத்து, தேதி, குழு முத்திரை. ஸ்கேன் செய்து நானே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பொய் சொல்லியிருந்தால் பையன் தப்பித்திருப்பான். அன்றைக்கு வாயில் வராத பொய் இன்றைக்கு எழுத்தில் வருகிறது, ஒன்றுக்கும் உதவாமல்.

இவர் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். ஆபீஸ் வேலை என்றேன்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரத்து.

மேனேஜர் தானே போன் செய்து சொன்னாராம். என்னால் முடிந்தவரை பேசினேன், மேலே உள்ளவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள் என்று. செப்டம்பர் ஆபரேஷனும் போயிற்று. காப்பீடு ஒப்பந்தத்தோடு சேர்ந்தது.

ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி, இரண்டு காகிதம், ஏழாம் பிரிவு. பாய் கையில் ஒரு லேடீஸ் செருப்பு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"ஏம்மா, மொதல்லியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லாதன்னான் பாய்."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லாதன்னான்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ வந்து எட்டாம் நம்பர் செருப்பு கேட்டார்கள். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "நான்தானேம்மா மைக்ல கூப்ட்டேன்" என்றார். நான்தான் பெயர் எழுதினேன் என்றேன். இல்லம்மா, அந்தப் பேர எழுதச் சொன்னவனே நான்தானே என்றார். பழி யாருடையது என்று கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். அதனால் அவன் முட்டிக்கு என்ன ஆகப்போகிறது.

கிளம்பும்போது, தினாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் பாய். "சின்ன வயசு, தாங்க மாட்டான்." மறுபடியும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். சரி என்றேன்.


ஆகஸ்ட் 28, வியாழன்

ரத்தான சேதி ஊரில் பரவிவிட்டது. காரணம் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில்:

"துரோகிங்க. நீட்டிச்சிட்டு புடுங்கிக்கினானுங்க பாரு."

"வேற கம்பெனிக்காரன் காருல வந்து இஸ்துகினு போவான், நீ வேணா பாரு."

"அட அவன் ஒழுங்கா ஆடனா எதுக்கு எடுக்கப் போறான்? அன்னிக்கே பாத்தேன், நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்தான். தெனாவெட்டு."

கடைசியாகச் சொன்னவர் அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கியவர்களில் ஒருவர். ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

தினா கறுப்பில் ஒரு கண்டன பேனர் தயார் செய்கிறான். பழையதைப் பேரூராட்சி ஆட்கள் அவிழ்த்துவிட்டார்கள். அது இப்போது எங்கள் வீட்டில். இவர் கேட்டு வாங்கி வந்து ஈர நெல் மூட்டைகளுக்கு மேலே போர்த்தியிருக்கிறார். "நல்ல கனமான ஷீட்டு" என்கிறார். நெல் முளை விட ஆரம்பித்துவிட்டது.


செப்டம்பர் 1, திங்கள்

வெயில், மாதத்தின் முதல் நாள், கூட்டம். டோக்கன் நாற்பதைத் தாண்டியது.

பதினொன்றரை இருக்கும், தலை நிமிர்ந்தால் வரிசையில் லோகு. கையில் கட்டைக்கம்பு. முன்னால் வா என்று கூப்பிட்டேன். "வரிசைலயே வரேன்க்கா" என்றான். முன்னால் பதினாறு பேர். ஒரு கிழவர் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம் போல.

அவன் முறை வந்தது. வருமானச் சான்று வேண்டும், அரசு காப்பீட்டு அட்டைக்கு. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்வார்களாம், அட்டை இருந்தால். எப்போது என்று கேட்டேன்.

"வரிசைல பேரு போட்டு வெச்சிருக்காங்க. ஏழெட்டு மாசம் ஆவும்ன்றாங்க. அதுக்குள்ள முட்டி இறுகிடும்னு ஒருத்தர் சொல்றாரு, இறுகாதுன்னு இன்னொருத்தர் சொல்றாரு."

படிவத்தை நிரப்பினேன். பெயர், தந்தை பெயர், கதவு எண். தொழில் என்ற கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

"இன்னா போடட்டும்டா?"

"ஒண்ணும் இல்லன்னு போடுக்கா."

அப்படியே தட்டினேன். மன்னிச்சுக்கோடா என்று சொல்ல வேண்டும், முப்பது நாற்பது பேர் கண் எங்கள் மேலேயே. இருந்தாலும் சொன்னேன், மெதுவாக. கேட்காத மாதிரி இருந்தான். ரசீதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிளம்பியவன் கம்பை மேஜையில் ஊன்றிக் குனிந்தான்.

"யக்கா, அன்னிக்கு அந்த ரெண்டு பாயிண்டு. நல்லா இருந்துச்சில்ல?"

"சூப்பரா இருந்துச்சுடா."

"எந்தக் கால்ல எகிறினேன்? யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், ஞாபகமே வரல. வீடியோவுல ஆளுங்க மறைக்கறாங்க. நீ நேரா குந்திக்கினு இருந்தியே."

அவன் எகிறியபோது நான் குனிந்திருந்தேன். அவன் இறங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நடுவரின் இரண்டு விரல்தான் தெரிந்தது.

"வலது கால்லதான்" என்றேன்.

"அதான் பாரு!" முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான், "வலது கால்லியே எகிறிக் கீறேன்யா."